புதுப்பிப்பு: கணக்கியல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்

நாற்பதைத் தாண்டிவிட்டேன், கணக்கியல் படிக்க ஆசை, ஆனால் வயது, வேலை, பணம் என்று தயங்குகிறேன் என முன்பு இங்கே எழுதியிருந்தேன். இங்கே சிங்கப்பூரில், பாய லேபாரில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்!

பணம் என்ற சாக்கு முதலில் போனது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை (பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் உதவி) கைகொடுத்தது. எல்லாப் பாடங்களுக்கும் அது செல்லாது. பட்டியலை முதலில் பாருங்கள்.

அச்சம்தான் லேசில் விடவில்லை. "முதல் வகுப்புக்கு மட்டும் போய் வாம்மா" என்று இங்கே ஓர் அண்ணன் எழுதியதைப் பிடித்துக்கொண்டேன். பற்று எது, வரவு எது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த இளம்பெண் தன் தாளை என் பக்கம் நகர்த்தி, "ஆன்ட்டி, எனக்கும் இந்தக் கணக்கு இடிக்கிறது" என்றாள். இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் சமமாகும்வரை சேர்ந்தே போராடினோம். வயது நினைவுக்கே வரவில்லை.

தயங்குபவர்கள் விண்ணப்பப் பக்கத்தையாவது இன்றிரவு திறந்துவிடுங்கள். அண்ணே, உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அடுத்தது தேர்வு, முடிந்ததும் எழுதுகிறேன்.