டிஸ்க் மாற்றியாயிற்று, ஸ்வாப் பாதிதான் இருக்கிறது

இரவுப்பணி:
அலுவலகத்தில் ஒரு டெபியன் லினக்ஸ் சர்வர். இரண்டு டிஸ்க், எம்டி ரெய்டு 1 (லினக்ஸே இரண்டிலும் ஒரே நகலை வைக்கும் ஏற்பாடு). ஆனால் ஸ்வாப் (ரேமில் இருப்பதை ஒதுக்கிவைக்கும் டிஸ்க் இடம்) மட்டும் ரெய்டுக்கு வெளியே, டிஸ்க்குக்கு 8 ஜிபி வீதம் தனித்தனியாக. போன வாரம் இரண்டாவது டிஸ்க் செத்துப்போனது. புதியதைப் போட்டு, எஸ்எஃப்டிஸ்க்கால் பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுத்து, எம்டிஏடிஎம் கட்டளையால் ரெய்டில் சேர்த்தேன். ரெய்டு முழுதாகிவிட்டது. 'ஃப்ரீ' கட்டளை போட்டுப் பார்த்தால் ஸ்வாப் 16க்குப் பதில் 8. ரீபூட்டின்போது 90 விநாடி அப்படியே நின்றது. புது ஸ்வாப்பைப் பழையபடி தனியாகவே வைக்கலாமா, ரெய்டுக்குள் தள்ளிவிடலாமா?

கணினிக்கொல்லன்:
எஃப்எஸ்டேப்பில் (பூட்டில் எந்தெந்த டிஸ்க் இடத்தை இணைப்பது என்ற பட்டியல்) செத்த டிஸ்க்கின் ஸ்வாப் யுயுஐடி (அடையாள எண்) இன்னும் இருக்கிறது. வராத விருந்தாளிக்காக, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி இலை போட்டுக் காத்திருக்கிறது, அந்த 90 விநாடி அதுதான். ஸ்வாப்பை உருவாக்கும் மேக்ஸ்வாப்புக்குப் பெரிய யு ஆப்ஷனில் பழைய யுயுஐடியையே கொடுங்கள். எஃப்எஸ்டேப்பைத் தொடவே வேண்டாம். அப்புறம் ஸ்வாப்ஆன், முடிந்தது. தனியாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை எண் கொடுத்தால் லினக்ஸின் மையமான கர்னல் மாற்றி மாற்றி எழுதும், வேகம். ரெய்டு 1இல் ஒரே பக்கத்தை (மெமரித் துண்டை) இரண்டு டிஸ்க்கிலும் எழுதியாக வேண்டும்.

பழைய_சோலாரிஸ்:
வேகம் சரி. டிஸ்க் போன அந்த நிமிடம் அதன் ஸ்வாப்பில் கிடந்த பக்கங்கள் எங்கே போயின? திரும்பப் படிக்க முடியாவிட்டால் அந்த ப்ராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) கர்னலின் பிழைச் சமிக்ஞையான சிக்பஸ்தான், செத்துவிழும். டிஸ்க் போனாலும் சர்வர் ஓட வேண்டும் என்றுதானே ரெய்டு போட்டோம்? இரவுப்பணி, அன்றைக்கு ஏதாவது விழுந்ததா?

இரவுப்பணி:
டேட்டாபேஸ் விழுந்தது சார். மெமரி தீர்ந்து கர்னல் கொன்றிருக்கும் என்று நினைத்தேன். இப்போது லாகைப் பார்த்தால் 'ரீட் எரர் ஆன் ஸ்வாப் டிவைஸ்' என்று வரிசையாக நிற்கிறது.

கணினிக்கொல்லன்:
ஸ்வாப்பில் அவ்வளவு கிடந்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். அதை வாங்குங்கள். ரெய்டு 1இல் ஸ்வாப் போட்டால் டெபியன் மாதாமாதம் ஓட்டும் சோதனையில் இரண்டு டிஸ்க்கும் பொருந்தவில்லை என்று எண்ணிக்கை காட்டும். நடுராத்திரியில் அதைப் பார்த்துப் பதறப்போவது நீங்கள்தான்.

பழைய_சோலாரிஸ்:
அந்த எண்ணிக்கை ஆபத்தில்லை. ஒரு பக்கத்தை இரண்டு டிஸ்க்குக்கும் எழுதும் நடுவில் ப்ராசஸ் அதை மாற்றிவிடலாம். அப்படி மாறிய பக்கத்தை கர்னல் டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்காது. எம்டியின் கையேட்டிலேயே (மேன் பேஜ்) எழுதியிருக்கிறது, படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். ரேம் வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் எத்தனை ரேம் இருந்தாலும் நாளெல்லாம் தொடாத பக்கங்களை கர்னல் ஸ்வாப்புக்குத் தள்ளலாம். அதில் ஒன்று போதும்.

தாமதமாக_வந்தவன்:
சண்டைக்கு நடுவே இரண்டு விஷயம். பழைய ஸ்வாப்பை ஸ்வாப்ஆஃப் செய்யாமல் டிஸ்க்கை உருவினால் இரண்டாவது டிஸ்க்குக்கான எஸ்டிபி என்ற பெயர் விடுபடாது, புதியது எஸ்டிசி என்று வரும். ரீபூட்டுக்குப் பிறகு மறுபடி எஸ்டிபி. பெயரை நம்பி மேக்ஸ்வாப் அடிக்காதீர்கள், சீரியல் எண்ணைப் பாருங்கள். இரண்டாவது, ரெய்டுக்கு மாறினால் யுயுஐடி மாறும். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் முதல் கட்டத்துக்கான கோப்புத் தொகுப்பு) அமைப்பில், உறக்கத்திலிருந்து மீள எந்த ஸ்வாப் என்று சொல்லும் 'ரெஸ்யூம்' கோப்பு இருந்தால் அதையும் திருத்தி, அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். நான் மறந்து, பூட்டில் வேறொரு காத்திருப்பைச் சம்பாதித்தேன்.

கணினிக்கொல்லன்:
பார்த்தீர்களா, இத்தனை வேலை. பழைய யுயுஐடியை வைத்திருந்தால் இதெல்லாம் உண்டா?

இரவுப்பணி:
ரெய்டுக்கே மாறிவிட்டேன். முதலில் எஸ்டிஏ ஸ்வாப்பை ஸ்வாப்ஆஃப் செய்தேன். அதில் கிடந்த 3 ஜிபி ரேமுக்குத் திரும்பும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் போதுமா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும், நல்லவேளை போதுமாக இருந்தது. இப்போது எம்டி2 என்ற ரெய்டு மேல் 8 ஜிபி. எஃப்எஸ்டேப், ரெஸ்யூம் இரண்டும் திருத்தியாயிற்று. ரீபூட்டில் நிற்கவில்லை.

கணினிக்கொல்லன்:
அப்போ 16 கேட்டு வந்தவர் 8ஓடு போகிறீர்கள். சந்தோஷம்.

பழைய_சோலாரிஸ்:
புது டிஸ்க்கில் கிரப் (பூட்டைத் தொடங்கும் நிரல்) போட்டீர்களா?

இரவுப்பணி:
...இல்லை. இதோ போடுகிறேன்.