தொண்டியில் திரும்புவதா, தனுஷ்கோடி வரை போவதா?

கேள்வி: தேவகோட்டை ஆச்சி

நானும் என் கணவரும் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே காரில் சொந்த ஊரான தேவகோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, பொழுது சாய்ந்தபின் வண்டியை எடுப்பதில்லை என்று புறப்படும்போதே பேசி வைத்துக்கொண்டோம். மாமல்லபுரம், புதுச்சேரி, பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று நின்று நின்று வந்து, 12ஆம் நாளான இன்று வேதாரண்யத்தில் இருக்கிறோம்.

நாகப்பட்டினத்தில் மட்டும் நினைத்ததைவிட ஒரு நாள் கூடிவிட்டது. என் கணவரின் ஐயா, அதாவது தாத்தா, கொண்டுவிக்க, கடல் கடந்து தொழில் செய்யப் போனபோது அங்கேதான் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனாராம். கப்பல் கரைக்கு வராமல் தள்ளியே நிற்கும், படகில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் விடுவார்கள் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருந்ததால், இவர் கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டார். நானும் கூப்பிடவில்லை.

நேற்று அகஸ்தியம்பள்ளியில், 1930இல் ராஜாஜி தொண்டர்களோடு வந்து உப்பு அள்ளிய இடத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து உப்பளத்தின் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். குனிந்து பார்த்தால் பாத்தித் தண்ணீரின் மேல் பால் ஏடு போல உப்புப் படர்வது தெரிகிறது. விரல் பட்டால் உடைந்து அடியில் போய்விடுகிறது.

இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. ஐந்தாம் நாள் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்பதால், அதற்கு முந்தின இரவு ஊரில் இருந்தாக வேண்டும். தொண்டியில் ஊர்ப்பக்கம் திரும்பாமல் நேரே போய்த் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டால் பயணம் முழுமையாகும் என்கிறார் இவர். எனக்கோ இத்தனை நாள் மெதுவாக வந்துவிட்டு, கடைசியில் விரட்டிக்கொண்டு ஓட மனம் வரவில்லை. முத்துப்பேட்டைக்கும் தொண்டிக்கும் இடையில் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கம் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அதிகம் நடக்க முடியாது.

பதில்: கானாடுகாத்தான்

ஆச்சி, தனுஷ்கோடியை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். தொண்டியிலிருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை போக மட்டுமே 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், அதே தூரம் திரும்பியும் வர வேண்டும். உங்கள் கணக்குப்படி அதற்கே மூன்று நாளுக்கு மேல் போய்விடும்.

முத்துப்பேட்டையில் அரை நாள் இருங்கள். படகில் உட்கார்ந்தபடியே அலையாத்திக் காட்டுக்குள் போய் வரலாம் என்பதால் அண்ணனின் முழங்காலுக்கும் தொந்தரவில்லை. அடுத்து மல்லிப்பட்டினத்தை ஒட்டிய மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814இல் எழுப்பிய அறுகோணக் கோபுரம் அது. அடுக்குகளில் ஏற வேண்டியதில்லை. எதிரே இருக்கும் கடலைப் பார்த்தாலே போதும். நீங்கள் இதுவரை பார்த்து வந்த கடல் வேறு, இது வேறு. பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் குளம் போலக் கிடப்பதால் இதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆழம் குறைந்த இந்தக் கடலின் அடியில் கடற்புல் மண்டிக் கிடக்கிறது, அதை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்காக, அதாவது கடற்பசுவுக்காக, 2022இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியா கண்ணில் படும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது இருக்கும் கடல் என்று தெரிந்து பார்ப்பதே எனக்கு ஒரு நிறைவு.

பதில்: தொண்டிக் கரை

சகோதரி, ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டுமாவடிக்குத் தெற்கே பிரதான சாலையில் வந்தால் கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. சாலை சற்று உள்ளே தள்ளிப் போகிறது. இடப்பக்கம் பிரியும் ஊர்ச் சாலைகளில் இறங்கினால்தான் கரை. இது தெரியாமல் பலர் "ஒன்றுமே இல்லையே" என்று ஒரே மூச்சில் கடந்துவிடுகிறார்கள், எங்களுக்கு அது வருத்தம்.

கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் துறைகள். எங்கள் பகுதியில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாட்கள் முறை வைத்துப் பிரிக்கப்பட்டிருப்பதால், அன்றைக்கு எது கரை திரும்புகிறது என்று ஊரில் விசாரித்துக்கொண்டு விடியற்காலையில் போங்கள். ஏலம் முடிந்தபின் போனால் வெறும் கூடைகளைத்தான் பார்க்க முடியும். நாட்டுப்படகு வரும் நாளாக இருந்தால் வலையிலிருந்து நண்டைக் கால் உடையாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் பெண்களின் கைவேகத்தை அவசியம் பாருங்கள்.

பதில்: இளையாத்தங்குடி வாசகர்

மேலே கானாடுகாத்தான் அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உங்கள் கணவரின் விருப்பத்தை வேண்டாம் என்று தள்ளிவிடவும் மனமில்லை. 1964 புயலுக்கு முன்பு நம் நகரத்தார்கள் இலங்கைக்குப் போன வழி தனுஷ்கோடிதான். நாகப்பட்டினத்தில் நின்றவருக்கு அங்கேயும் நிற்கத் தோன்றுவது இயல்பு. படைப்பு முடிந்தபின் தேவகோட்டையிலிருந்தே தனியாகப் போய், ராமேஸ்வரத்தில் ஓர் இரவு தங்கித் திரும்புங்கள். அது தனிப் பயணமாக இருக்கட்டும்.

இப்போதைக்கு மீமிசலில் வலப்பக்கம் திரும்பி ஆவுடையார்கோயிலுக்குப் போங்கள். கருவறையில் லிங்கம் இல்லாமல் அதன் பீடமான ஆவுடையாரை மட்டும் வைத்து வழிபடும் மாணிக்கவாசகர் தலம். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கல்லின் மேல் பரப்ப, அதிலிருந்து எழும் ஆவிதான் அங்கே நைவேத்தியம். கூரையின் விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். கல்லில் செய்த கம்பிகளும் ஆணிகளும் மரவேலை என்றே கண்ணை ஏமாற்றும். பழைய ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, இந்தக் கொடுங்கை நீங்கலாக மற்றதைச் செய்து தருவோம் என்று எழுதுவார்களாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து திருப்புனவாசல் போகலாம். லிங்கத்துக்கு மூன்று முழமும் ஆவுடையாருக்கு முப்பது முழமும் துணி வேண்டும் என்பதால் "மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று" என்ற சொலவடை அந்தக் கோயிலில் பிறந்தது.

இன்னொன்று. நம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறோம். நீங்கள் இருவரும் பூம்புகாரிலிருந்து அதே திசையில் வருகிறீர்கள். அவர்கள் இத்தனை வேகமாக வந்திருக்க மாட்டார்கள்.

கேட்டவர்: தேவகோட்டை ஆச்சி

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தனுஷ்கோடியைப் பங்குனிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். நாளை விடிந்ததும் கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்த்துவிட்டு முத்துப்பேட்டை. மறுநாள் மனோரா, அதற்கடுத்த நாள் ஆவுடையார்கோயிலும் திருப்புனவாசலும், இரவு தொண்டியில் தங்கல். நான்காம் நாள் விடியலில் கரையில் நின்றுவிட்டு, திருவாடானை வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம். படைப்புக்கு வேண்டிய உப்பை வேதாரண்யத்திலேயே வாங்கிக் கார் டிக்கியில் வைத்துவிட்டேன்.