காந்த அடி ஆன்டெனாவுக்குக் காரின் கூரை இல்லாமல் கிரவுண்ட் பிளேன் (ஆன்டெனாவின் அடியில் வேண்டிய உலோகப் பரப்பு) அமைப்பது எப்படி?

மூன்றாம்மாடி எழுதியது:

மதுரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். காரின் கூரையில் ஒட்டிவைத்துப் பயன்படுத்திவந்த 145 மெகாஹெர்ட்ஸ் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள) ஆன்டெனாவை, காரை விற்ற பிறகு பால்கனியில் வைத்து 5 வாட் கையடக்க ரேடியோ கருவியுடன் இணைத்தேன். காரில் 1.4 காட்டிய எஸ்.டபிள்யூ.ஆர். (கருவியும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) இப்போது 3-ஐத் தாண்டுகிறது. கேபிளைக் கையால் பிடித்தாலே மீட்டரின் முள் நகர்கிறது. வீட்டு மின் இணைப்பின் எர்த்துடன் அடிப்பகுதியை ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்தும் பயனில்லை. பால்கனிக் கம்பி எவர்சில்வர் ஆதலால் காந்தம் அதில் ஒட்டவில்லை, சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். சமையலறையில் உள்ள இரும்புத் தோசைக்கல்லில் நன்றாக ஒட்டுகிறது. அது போதுமா?

செம்புக்கம்பி எழுதியது:

ஐயா, முதலில் அந்த எர்த் கம்பியைக் கழற்றிவிடுங்கள். மின் பாதுகாப்புக்கான எர்த் வேறு, ஆன்டெனாவுக்கு வேண்டிய கிரவுண்ட் பிளேன் வேறு. கால் அலைக் கம்பி என்பது ஆன்டெனாவின் ஒரு பாதிதான். மறுபாதியாகக் காரின் கூரை இருந்தது. அது போனதும் கேபிளின் வெளிவலையே மறுபாதியாகி அலைகளைப் பரப்புகிறது. கேபிளைத் தொட்டால் முள் நகர்வது அதனால்தான்.

காந்தம் ஆன்டெனாவைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. ஆன்டெனாவின் அடிப்பகுதியில் உள்ள உலோகமும் கூரைத் தகடும், இடையில் உள்ள பெயின்டும் ரப்பர் தாளும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர் (மின்தேக்கி) ஆகின்றன. 145 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை சில ஓம்களே இருக்கும் என்பதால், பெயின்டைச் சுரண்டாமலேயே மின்னோட்டம் கடந்துவிடுகிறது.

இனி அளவு. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2.07 மீட்டர், கால் பங்கு சுமார் 52 செ.மீ. ஆன்டெனாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் அவ்வளவு தூரம் உலோகம் வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள தோசைக்கல்லில் ஒரு பக்கத்துக்கு 15 செ.மீ.தான் கிடைக்கும். 435 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 17 செ.மீ. என்பதால் அங்கே ஓரளவு சமாளிக்கலாம், உங்களுக்குப் போதாது.

நான் செய்தது இதுதான்: ஒரு பெரிய பிஸ்கட் டின்னின் மூடியை எடுத்து, விளிம்பில் நான்கு இடங்களில் பெயின்டைச் சுரண்டி, மூடியின் மையத்திலிருந்து 50 செ.மீ. எட்டும்படி நான்கு செம்புக் கம்பிகளை ஈயப்பற்று வைத்து இணைத்தேன். கம்பிகளைச் சுமார் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால், சமதளத்தில் 36 ஓம் அளவில் இருக்கும் ஆன்டெனாவின் தடை, கருவிக்கும் கேபிளுக்கும் பொருந்தும் 50 ஓமை நெருங்கும்.

பழையமெக்கானிக் எழுதியது:

கணக்கில் குறையில்லை; ஆனால் குழந்தைகள் ஓடும் பால்கனியில் கண் மட்டத்தில் நான்கு கம்பி நுனிகள் நீட்டிக்கொண்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன். குறைந்தது நுனிகளை வளைத்து விடுங்கள். இடம் இருந்தால் ஒரு மீட்டர் சதுர அலுமினியத் தகடு மேல். அதில் காந்தம் ஒட்டாது என்று தயங்க வேண்டாம். தகட்டின் அடியில் ஓர் இரும்புத் துண்டை வைத்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும், கெபாசிட்டராகச் செயல்படுவது அலுமினியமே. சோதித்துப் பார்க்க மட்டும் என்றால், அட்டையில் ஒட்டிய சமையலறை அலுமினியத் தாளே போதும். எதுவானாலும் கீழே கட்டிவையுங்கள், ஆடிக் காற்றில் பறந்து தெருவில் விழுந்துவிடக் கூடாது.

மூன்றாம்மாடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. டின் மூடியில் நான்கு கம்பிகளையும் கீழே சாய்க்காமல் சமமாகவே வைத்து, நுனிகளைச் சிறு வளையங்களாக வளைத்துவிட்டேன். எஸ்.டபிள்யூ.ஆர். 144 மெகாஹெர்ட்ஸில் 1.2, 145-இல் 1.4, 146-இல் 1.7 காட்டுகிறது; கேபிளைத் தொட்டாலும் முள் அசையவில்லை. இன்னும் குறைக்க வேண்டுமா?

செம்புக்கம்பி எழுதியது:

1.4 நன்றாகவே இருக்கிறது, அப்படியே பயன்படுத்தலாம். அலைவரிசை கூடக்கூட மதிப்பு ஏறுவதால் ஆன்டெனாவின் நிமிர்ந்த கம்பி சற்று நீளம் என்று தெரிகிறது. குறைத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு முறைக்கு 2 மி.மீ.க்கு மேல் வெட்டாமல், ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.