டால்பியா, டிடிஎஸ்ஸா: காதால் கேட்டு முடிவு செய்வது எப்படி?

கீழக்கரையிலிருந்து:
வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த 5.1 ரிசீவரில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இணைக்கும் பெட்டி) ஒரு டிவிடி போட்டுப் பார்க்கிறேன். அதில் ஒலியைச் சுருக்கிப் பதியும் இரண்டு ஃபார்மட்டில் இரண்டு டிராக் இருக்கிறது: டால்பி டிஜிட்டல் நொடிக்கு 448 கிலோபிட், டிடிஎஸ் 754 கிலோபிட். டிடிஎஸ்ஸுக்கு மாற்றியதும் அடி கனமாக விழுகிறது, பின்பக்கத்து மழைச் சத்தம் எடுப்பாகக் கேட்கிறது. இடது பின் ஸ்பீக்கர் மட்டும் அவ்வப்போது கரகரக்கிறது. பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவு) கூடுதல் என்பதால்தான் டிடிஎஸ் நன்றாக இருக்கிறதா? இனி டிஸ்க் வாங்கினால் அதையே பார்த்து வாங்கலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து:
தம்பி, கரகரப்புக்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்; நம்ம கடற்காற்றுக்குச் செம்பு பச்சை பூத்திருக்கும். நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

அப்புறம், டால்பி டிராக்கில், வசனம் எவ்வளவு சத்தம் என்பதைக் குறிக்கும் டயல்நார்ம் என்று ஓர் எண் பதிந்திருக்கும். அது -27 என்றால் ரிசீவர் மொத்த ஒலியையும் 4 டெசிபல் இறக்கிவிடும். டிடிஎஸ்ஸில் பெரும்பாலும் அப்படி இறக்குவதில்லை. கொஞ்சம் சத்தமாக வருவதுதான் காதுக்கு எப்போதும் நல்லதாகப் படும். பெரிய சத்தத்தை அடக்கிவிடும் நைட் மோடை அணையுங்கள். ஒரே வசனத்தை இரண்டு டிராக்கிலும் ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனை வைத்து ஒலி மீட்டர் ஆப்பில் அளந்து சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் எத்தனை தடவை மாற்றி மாற்றிக் கேட்டாலும் பலனில்லை.

கீழக்கரையிலிருந்து:
அண்ணே, ஒயர் பச்சையேதான்! வெட்டி மாட்டியதும் கரகரப்பு நின்றுவிட்டது. சத்தத்தைச் சமமாக்கினேன், அடி இரண்டிலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. மழை மட்டும் டிடிஎஸ்ஸில் இன்னும் விரிவாகத் தெரிகிறது.

தொண்டியிலிருந்து:
அந்த இரண்டு டிராக்கும் ஒரே மிக்ஸிலிருந்து (ஒலிக்கலவையிலிருந்து) வந்தவை என்று சொல்ல முடியாது. அதனால் டிஸ்க்கை வைத்து ஃபார்மட்டை எடைபோடாதீர்கள். சுருக்காத 5.1 ஃபைல் ஒன்றை எடுத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் ஏசி3 (அதாவது டால்பி டிஜிட்டல்) 448 ஆக மாற்றி, மறுபடி சுருக்காத வேவ் ஃபைல் ஆக்கி, மூலத்தோடு சேர்த்து ஃபூபார்2000 என்ற பிளேயரின் ஏபிஎக்ஸ் என்னும் ஒப்பிட்டுக் கேட்கும் கருவியில் போடுங்கள். எது எது என்பதை அது மறைத்துவிடும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால் நிஜமாகவே வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாம். சும்மா ஊகித்து அந்த அளவு எடுக்க 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. எஃப்எஃப்எம்பெக்கின் டிடிஎஸ் என்கோடர் (டிடிஎஸ் ஆக மாற்றும் பகுதி) இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது, அதை வைத்து டிடிஎஸ்ஸுக்குத் தீர்ப்பு சொல்வது நியாயமாகாது. கைதட்டல், ஜால்ரா, மழை மூன்றையும் கேளுங்கள், சுருக்கும்போது முதலில் தடுமாறுவது இவைதான். கேட்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள்.