இன்சாங்கா ரயிலில் கேட்ட பொய்: ஜூனா, நவம்பரா?

கிளேர்வுட்காரன்:
செப்டம்பர் கடைசி ஞாயிறு, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டர்பன் பக்கம் கிளூஃபிலிருந்து இன்சாங்காவுக்கு நீராவி ரயிலில் போனேன். ஹில்கிரெஸ்ட் தாண்டி போத்தாஸ் ஹில் பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு தெரியும்போது பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. இன்சாங்கா ஸ்டேஷனில் இறங்கினால் சந்தை, கைவினைக் கடைகள், எஞ்சினைச் சுற்றிக் கூட்டம். எல்லாம் சரி. ஆனால் எங்கள் பெட்டியில் ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் பாடம் நடத்தினார்: "தென்னாப்பிரிக்காவின் முதல் தண்டவாளத்தைப் போட்டதே நம்ம தமிழ் ஆட்கள்தான்."

எனக்கு வயிறு எரிந்தது. முதல் ரயில் டர்பனில் மார்க்கெட் ஸ்கொயருக்கும் துறைமுகப் பக்கமுள்ள பாயிண்டுக்கும் நடுவே, வெறும் இரண்டு மைல். திறந்த நாள் 1860 ஜூன் 26. நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு வந்து சேர்ந்தது அதே வருடம் நவம்பர் 16. ஜூனில் ரயில், நவம்பரில் நாம். இன்னும் கப்பலே ஏறாதவன் தண்டவாளம் போட்டானா?

டொங்காட் தம்பி:
அந்த ஆள் நான்தான் ஐயா. நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தீர்கள். என் மனைவி கொடுத்த வடையை வாங்கிச் சாப்பிட்டீர்கள். அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே வந்து ஊர் பார்க்க எழுதுகிறீர்கள்.

என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டுக்காரர். கப்பல் பட்டியலில் அவர் எண்ணுக்கு நேரே, முதலாளி என்ற இடத்தில், நேட்டால் கவர்ன்மென்ட் ரயில்வே, அதாவது டர்பன் இருந்த நேட்டால் காலனியின் அரசு ரயில்வே என்றுதான் எழுதியிருக்கிறது. இது பொய்யா?

கிளேர்வுட்காரன்:
வடைக்கு நன்றி, நன்றாக இருந்தது. வடைக்காக ஜூன் நவம்பர் ஆகாது தம்பி. பிள்ளைகள் எதிரில் அப்பாவை மறுத்துப் பேசக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். நேட்டால் அரசு ரயிலை எடுத்துக்கொண்டதே 1877-இல். உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்குப் பிறகு வந்தவர் என்று உங்கள் பட்டியலே சொல்கிறது. அவர் உழைத்தது உண்மை. முதல் தண்டவாளம் 1860 ஜூன்.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
இரண்டு பேரும் வேறு வேறு ரயிலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நீங்கள் போன பாதை அந்த இரண்டு மைல் இல்லை. அது டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க்குக்கு ஏறிய பழைய மெயின் லைன், 1880-இல் இங்கே வந்து சேர்ந்தது. முப்பது அடிக்கு ஒரு அடி ஏற்றம். அந்த ஏற்றத்தில் தண்டவாளத்தைப் பராமரிக்க ஒப்பந்தக் கூலிகளை வைத்திருந்தார்கள், அதிலே நம் ஆட்கள் நிறைய. முதலில் "முதல்" என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்.

டொங்காட் தம்பி:
பார்த்தீர்களா, டீச்சரே சொல்லிவிட்டார், நம் ஆட்கள் நிறைய என்று. நான் சொன்னதும் அதுதான்.

கிளேர்வுட்காரன்:
நீங்கள் சொன்னது "முதல்". டீச்சர் சொன்னது 1880. ஜூன் 26, நவம்பர் 16. ஐந்து மாதம் தம்பி.

புது டர்பன்வாசி:
நான் சென்னையிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. காந்தியைத் தள்ளிவிட்ட ஸ்டேஷன் இன்சாங்காதானே? அதை யாருமே சொல்லவில்லையே.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
இல்லை. 1893 ஜூன் 7 இரவு, எங்கள் ஊர் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில். அங்கே அதற்குக் கல்வெட்டே இருக்கிறது.

டொங்காட் தம்பி:
மூன்று வருடம் ஆயிற்றாம், எங்கள் ஊர்க் கதையை எங்களுக்கே சொல்ல வந்துவிட்டார்.

புது டர்பன்வாசி:
கேள்விதானே கேட்டேன்? நீங்கள் பேசுகிற தமிழே எங்களைப் போன்றவர்கள் வந்த பிறகுதான் தேறியிருக்கிறது.

டொங்காட் தம்பி:
என் அம்மா பகலெல்லாம் கரும்புத் தோட்ட வேலை செய்துவிட்டு, ராத்திரி கோயில் பள்ளியில் விளக்கு வெளிச்சத்தில் அ, ஆ படித்தார். அவர் கற்றுக்கொடுத்த எழுத்தில்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். இந்தப் பேச்சைத் திரும்ப எடுங்கள்.

கிளேர்வுட்காரன்:
இந்த விஷயத்தில் தம்பி பக்கம்தான் நான். எங்கள் தமிழை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் ஜூன் ஜூன்தான்.

சாட்ஸ்வொர்த் ராணி:
நானும் அதே பெட்டியில்தான் இருந்தேன். முதல் தண்டவாளத்தை விடுங்கள். புரட்டாசி மாதத்தில் மட்டன் பிரெயாணி டப்பாவைத் திறந்தது யார்? வாசனை இன்சாங்கா வரைக்கும் வந்தது. மாசம் முழுக்க சைவம் இருக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாதா?

புது டர்பன்வாசி:
ஊரில் நாங்கள் புரட்டாசி சனிக்கிழமைதான் பார்ப்போம். அன்று ஞாயிறு.

சாட்ஸ்வொர்த் ராணி:
அப்போது நீங்கள்தான்! இங்கே மாசம் முழுக்க. என் ஆயா காலத்திலிருந்து அப்படித்தான்.

கிளேர்வுட்காரன்:
பேச்சு மாறுகிறது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. என் அப்பா டர்பன் ரெயில்வே பாரக்ஸில், ரயில்வே கூலிகளின் குடியிருப்பில், பிறந்தவர். ஒரே அறையில் எட்டுப் பேர். ரயில்வேயில் நம் ஆட்கள் பட்ட பாடு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். டண்டீ, நியூகாசில் சுரங்கத்தில் இருட்டில் குனிந்து அவர்கள் வெட்டிய கரிதான் இந்த எஞ்சின்களில் எரிந்தது. 1913-இல், ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரிக்கு எதிராக அந்தச் சுரங்கத்தைத்தான் நிறுத்தினார்கள், டிரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் பேச்சைக் கேட்டு. இத்தனை இருக்கும்போது நாம் செய்யாத ஒன்றை ஏன் சேர்க்க வேண்டும்? நாளைக்கு ஒரு வெள்ளைக்காரப் பையன் பள்ளிக்கூடத்தில் தேதியைக் காட்டி உங்கள் பிள்ளையின் வாயை அடைப்பான். அப்புறம் அவன் சுரங்கத்தையும் நம்ப மாட்டான், பாரக்ஸையும் நம்ப மாட்டான்.

டொங்காட் தம்பி:
என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். கொள்ளுத்தாத்தா பெயர் ரயில்வே பட்டியலில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

கிளேர்வுட்காரன்:
பட்டியலில் வருடமும் இருக்கும். அதை இங்கே போடுங்கள்.

டொங்காட் தம்பி:
நீங்கள் முதலில் உங்கள் அப்பா பாரக்ஸில் பிறந்த சர்டிபிகேட்டைப் போடுங்கள்.

சாட்ஸ்வொர்த் ராணி:
பிரெயாணிக்கு இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கிளேர்வுட்காரன்:
சர்டிபிகேட் இருக்கிறது, சாயங்காலம் போடுகிறேன். ஜூன் 26. நவம்பர் 16.