[கலைச்சொல்] த்ராட்டிலிங்: நாளைக்கு அச்சுக்குப் போகுது, உதவுங்க

ஒயிட்ஃபீல்டு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். எங்க ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புல ஒன்பதாவது பத்தாவது பசங்க சேர்ந்து ஒரு கையேடு போடறாங்க, "70,000 ரூபாய்க்குள்ள கேம் ஆடற மடிக்கணினி வாங்கறது எப்படி"ன்னு. தலைப்பு அவங்களே எடுத்தது. பொங்கல் கட்டுரைன்னா பேனாவைத் தேடவே அரை மணி ஆகும், இதுக்கு வரிஞ்சு கட்டிட்டு எழுதறாங்க, நான் ஏன் தடுக்கணும். வரைகலை அட்டை, நினைவகம், புதுப்பிப்பு வீதம்லாம் சிக்கலில்லாம வந்துடுச்சு. மாட்டிக்கிட்டது த்ராட்டிலிங். கேம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல மெஷின் கொதிக்குது, சிப்பு தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்குதே, அது.

ஒரு பையன் "வெப்பத் தணிப்பு"ன்னு எழுதிட்டான். அது கூலிங் ஆயிடுது, நேர் எதிர்! "இந்த மாடலில் வெப்பத் தணிப்பு அதிகம்"னு படிச்சா யாரும் ஓடிப்போய் வாங்கிடுவாங்க. சரி, த்ராட்டிலிங்னே விட்டுடலாம்னா, பைக் ஓட்டற ஒரு அப்பா கேக்கறார், "த்ராட்டில்னா முறுக்கறதுதானே டீச்சர், வேகம் ஏறணும்ல?" அவர் கேக்கறதும் நியாயந்தான். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு சொல் கொடுங்க ப்ளீஸ்.

எஸ்.பி. ரோடு தம்பி எழுதியது:

டீச்சர், நான் சர்வீஸ் பக்கம் இருக்கேன், கடைக்கு வர்றவங்க யாரும் த்ராட்டிலிங்னு சொன்னதில்ல. "ஆட ஆட ஸ்லோ ஆயிடுது", "மொதல்ல நல்லா போகுது அப்புறம் இழுக்குது" இவ்ளோதான் சொல்வாங்க. சொல் என்னவா வேணா இருக்கட்டும், கையேட்டுல இதை மட்டும் விட்றாதீங்க: ஆர்டிஎக்ஸ் 4050ன்னு வரைகலை அட்டையோட பேரு போட்ட ஸ்டிக்கர் ஒண்ணுதான், ஆனா அந்த லேப்டாப் சிப்புக்கு 35 வாட்லேருந்து 115 வாட் வரைக்கும் எவ்ளோ வேணா கொடுக்கலாம்னு அதைப் பண்ற என்விடியா, லேப்டாப் கம்பெனிக்காரங்ககிட்ட விட்டிருக்கு, 3050ன்னா 35லேருந்து 80. ஒல்லியா அழகா இருக்கறதுல கம்மி வாட், தடியா ரெண்டு ஃபேன் வெச்சதுல நெறைய வாட், ரெண்டுக்கும் ஒரே பேரு. பெட்டி மேல வாட் இருக்காது, கம்பெனி சைட்ல ஸ்பெக் பக்கத்துல ஏதோ மூலையில இருக்கும், அதைத் தேடிப் பாக்காம காசு கொடுக்கக் கூடாது. அப்புறம் 8 ஜிபி ரேம் ஒரே குச்சியா வந்தா இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கான்னு பாக்கணும், ரெண்டு குச்சி போட்டா டூயல் சேனல் ஓடும், அதாவது ரெண்டு வழியா டேட்டா போகும், தனி வரைகலை கார்டு இல்லாத லேப்டாப்ல அந்த ஒரு மாத்தமே கண்ணுக்குத் தெரியும்.

கடையில அஞ்சு நிமிஷம் ஆடிப் பாத்துட்டு வாங்கறவங்கதான் ஏமாறுவாங்க. மெஷின் முழுசா சூடேற நேரம் ஆகும், அரை மணி ஓட்டினாத்தான் குட்டு வெளிப்படும்.

அல்சூர் ஐயா எழுதியது:

அன்பர்களுக்கு. டீச்சர் அம்மா நல்ல வேளையில கேட்டாங்க, நான் ரொம்ப நாளா இந்தச் சொல்லைப் பத்தி யோசிச்சு வெச்சிருக்கேன். ஆங்கிலத்துல த்ராட்டில் எங்கேருந்து வந்தது? த்ரோட், தொண்டை. தொண்டையைப் பிடிச்சு மூச்சை அடக்கறது. அப்ப நம்மகிட்ட இருக்கற சொல் எது? மிடறு! புறநானூறு 91 எல்லாரும் படிச்சதுதான், நெல்லிக்கனி கொடுத்த அதியமானை ஔவை வாழ்த்தறா, "நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக"ன்னு. ஏன் அந்த மிடறு நீலமாச்சு? விஷம் வயித்துக்குப் போகாம தொண்டையிலேயே நின்னதால. உள்ள இருக்கற உடம்பைக் காப்பாத்த வழியிலேயே நிறுத்தறது, இதைவிடப் பொருத்தமா சிப்புக்கு என்ன வேணும்? ஆகவே வெப்ப மிடற்றடக்கம். சுருக்கமா வேணும்னா மிடற்றல். வினையா மிடறுதல், மிடறியது, மிடறும்.

ஜெயநகர் அக்கா எழுதியது:

ஐயா, கதை பிரமாதம், சொல் ஓடாது. இன்னைக்கு மிடறுன்னா யாருக்கும் கழுத்து ஞாபகம் வராது, "ஒரு மிடறு தேநீர்"தான் வரும். "மடிக்கணினி மிடறியது"ன்னா ஏதோ காபி குடிச்ச மாதிரி இருக்கு.

நான் மென்பொருள் தமிழாக்கம் பண்றவ, என் கவலை வேற. சொல் ஒட்டணும், அதாவது முன்னாடி எதைச் சேர்த்தாலும் நிக்கணும். சூட்டால குறையறது ஒண்ணு. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில ஆடினா குறையுமே, அது சூடே இல்ல, மின்சாரம் போதாம வர்றது. நெட் கம்பெனிக்காரன் டேட்டா தீர்ந்ததும் வேகத்தைக் குறைப்பானே, அதுவும் ஆங்கிலத்துல த்ராட்டிலிங்தான். மூணுக்கும் ஒரே அடிச்சொல் வேணும். "மட்டுறுத்தல்" அழகா இருக்கும், ஆனா அதை நம்ம இணையத்துல மாடரேஷனுக்கு எடுத்துட்டோம். செயலின்னு ப்ராசஸருக்கு வெச்சுட்டு அதையே ஆப்புக்கும் வெச்சு, இப்ப "செயலி சூடாகிறது"ன்னா எதுன்னு தெரியாம முழிக்கறோமே, அந்தக் கூத்து ஒண்ணு போதும். என் ஓட்டு நெரிப்பு. வெப்ப நெரிப்பு, மின் நெரிப்பு, அலைக்கற்றை நெரிப்பு. குரல்வளையை நெரிக்கறோம், ஐயாவோட தொண்டையும் உள்ள வந்துடுது.

மட்டுறுத்துநர்:

சின்ன ரி ஆ பெரிய றி ஆ? தனி மடல்ல ஏற்கனவே ரெண்டு சண்டை வந்துடுச்சு.

ஜெயநகர் அக்கா எழுதியது:

இடையின ர. நெரிசல்ல வர்ற அதே நெரி. வல்லின நெறி ஒழுக்கம், வழி. "வெப்ப நெறிப்பு"ன்னு யாராவது அச்சடிச்சா நான் இந்தக் குழுவை விட்டே போயிடறேன்.

ஆர்.டி. நகர் அண்ணன் எழுதியது:

எனக்கு ஒண்ணு புரியல. படிக்கப் போறவன் பதினஞ்சு வயசுப் பையன், அவன் பாக்கற வீடியோ எல்லாத்துலயும் த்ராட்டிலிங்தான், ரிவ்யூவைத் தேடினாலும் அதையேதான் டைப் பண்ணணும். நீங்க நெரிப்புன்னு சொல்லிக் கொடுத்தா அவன் அதைத் தேடினா பஸ் ஸ்டாண்ட்ல கூட்ட நெரிசல் நியூஸ் வரும். வடசொல்லையே நம்ம எழுத்தோட பொருத்தி எடுத்துக்கலாம்னு தொல்காப்பியமே வழி விட்டிருக்கு, பிறகு ஆங்கிலத்துக்கு மட்டும் என்ன தீட்டு? த்ராட்டிலிங்னு தமிழ் எழுத்துல போடுங்க, கீழ ஒரு வரி விளக்கம் கொடுங்க, முடிஞ்சுது.

அல்சூர் ஐயா எழுதியது:

தம்பி பாதிச் சூத்திரத்தோட நிறுத்திட்டார். "வடவெழுத்து ஒரீஇ"ன்னு இருக்கு, வேத்து ஒலியை நீக்கிட்டுத்தான் எடுத்துக்கணும். 'த்'ன்னு மெய்யெழுத்துல சொல் தொடங்கறதுக்கே தொல்காப்பியர் இடம் கொடுக்கல. அவர் வழியில போனா "திராட்டிலிங்கு"ன்னு எழுதணும், தயாரா?

அப்புறம் புதுச்சொல் ஓடாதுன்னு சொல்றவங்களுக்கு: தமிழ்நாட்டு அரசு 2011ல "விலையில்லா மடிக்கணினி" கொடுக்க ஆரம்பிச்ச பிறகு மடிக்கணினிங்கற சொல் கிராமத்துப் பிள்ளைங்க வாயிலயும் வந்துச்சா இல்லையா? கையில பொருளும் காதுல சொல்லும் சேர்ந்து வந்தா மக்கள் ஏத்துக்கறாங்க.

எஸ்.பி. ரோடு தம்பி எழுதியது:

ஐயா மடிக்கணினி ஓகே, ஆனா கேமிங் லேப்டாப்பை மடியில வெச்சு ஆடாதீங்க, தொடை வெந்துடும், காத்து உறிஞ்சற ஓட்டை பலதுல அடியிலதான் இருக்கு, அதை அடைச்சா இந்தப் பிரச்சனை சீக்கிரமே வரும். மேசைக்கணினிதான் அது, பேர் மட்டும் மடி. பெங்களூர் குளுகுளு ஊருன்னும் நம்ப வேணாம், 2024 ஏப்ரல்ல 38 டிகிரியைத் தாண்டுச்சு.

ஆர்.டி. நகர் அண்ணன் எழுதியது:

போதாக்குறைக்கு நம்ம ஊர் கடல்மட்டத்துலேருந்து 900 மீட்டருக்கு மேல, காத்து அடர்த்தி கம்மி, அதே ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் சென்னையைவிட ஒரு துளி கம்மியாத்தான் சூட்டை எடுத்துட்டுப் போகும். கையேட்டுல போட வேண்டாம், சும்மா சொன்னேன்.

ஒயிட்ஃபீல்டு டீச்சர் எழுதியது:

வகுப்புல மிடற்றடக்கம், நெரிப்பு ரெண்டையும் பலகையில எழுதிப் பாத்தேன். முதலாவதை யாராலயும் தடுக்காம படிக்க முடியல. ரெண்டாவதுக்கு ஒருத்தன் எழுந்து தன் கழுத்தைத் தானே பிடிச்சு நடிச்சுக் காட்டினான், வகுப்பு அதோட முடிஞ்சுது. வேற ஏதாவது?

எஸ்.பி. ரோடு தம்பி எழுதியது:

டீச்சர் எனக்கு இலக்கணம் தெரியாது. எங்க ஆச்சி திருநெல்வேலிப் பக்கம், வெயில் நேரத்துல வேலைக்காரங்க மெதுவா பண்ணினா "சுணங்குறாங்க"ன்னு சொல்வாங்க. பேப்பர்லயும் "பணிகளில் சுணக்கம்"னு வருது. சூட்டுச் சுணக்கம்னு சொன்னா என்ன?

ஜெயநகர் அக்கா எழுதியது:

அட! சொல்லவே நல்லா இருக்கு. சூடு, சூட்டு, நடுவுல ச் மிகுந்து சூட்டுச்சுணக்கம், புணர்ச்சியும் சரி. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரங்களுக்கும் "சுடு"ன்னா எரியறது, பாதி அவங்களுக்கே புரிஞ்சுடும். மின் சுணக்கம், அலைக்கற்றைச் சுணக்கம், ஒட்டவும் ஒட்டுது. ஒரே உறுத்தல், சுணக்கம்னா தாமதம்னும் அர்த்தம், அப்ப லேகுக்கு, அதாவது தட்டினது லேட்டா நடக்கறதுக்கு, என்ன சொல்வோம்? திரையில விநாடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) ஓடணும்னா ஒரு சட்டகம் சுமார் 16.7 மில்லிவிநாடிக்குள்ள தயாராகணும், சிப்பு வேகம் குறைஞ்சு அது தவறினா ஒரு மாதிரி, பட்டனைத் தட்டினது சர்வருக்குப் போய்ச் சேர லேட்டானா வேற மாதிரி. நெட்டை மாத்தினா ரெண்டாவதுதான் சரியாகும், முதலாவது ஆகாது, இதைக் குழப்பிக்கிட்டு பிராட்பேண்டை மாத்தின ஆளுங்களை எனக்குத் தெரியும். லேகுக்குத் "தாமதம்"னே வெச்சுட்டு சுணக்கத்தை இதுக்கு ஒதுக்கினா நான் சம்மதம்.

அல்சூர் ஐயா எழுதியது:

சுணங்கு என்பது சங்கப்பாட்டுல என்னன்னு இங்க யாருக்கும் நினைவில்லையா? தலைவியோட மேனியில பூக்கற தேமல். பொன்னிறப் புள்ளி. அதைக் கொண்டுபோய் கேமுக்கு வைக்கறீங்க. நிகண்டுல போனா சுணங்கன் நாய்! இந்த மூணுக்கும் வேர் ஒண்ணா வேறயான்னு ஒரு கட்டுரையே எழுதலாம், பொன்னிறம் மங்கறது, ஒளி குறையறது, வேகம் குறையறதுன்னு ஒரு கோடு இழுக்க முடியும்னு நினைக்கறேன், நாளைக்கு விரிவா எழுதறேன்.

எஸ்.பி. ரோடு தம்பி எழுதியது:

நாய் சரியாத்தானே இருக்கு ஐயா, வெயில்ல ஓட்டத்தை நிறுத்திட்டு நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கி சூட்டை வெளிய விடும், லேப்டாப்பும் அதேதான், வேகத்தைக் குறைச்சுட்டு ஃபேனை அலற விடுது.

ஆர்.டி. நகர் அண்ணன் எழுதியது:

சுணக்கம்னா சோம்பேறித்தனம்னு தொனிக்குது. சிப்பு சோம்பல் படல, யோசிச்சு பண்ற தற்காப்பு அது. "என் லேப்டாப் கெட்டுப்போச்சு"ன்னு வாரண்டிக்கு ஓடுவாங்க. நான் இன்னும் த்ராட்டிலிங்தான்.

மட்டுறுத்துநர்:

மணி பத்தரை. டீச்சருக்கு விடிஞ்சா அச்சகம். மறுப்பு இருக்கறவங்க சொல்லிடுங்க, இல்லன்னா சூட்டுச்சுணக்கம், முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துலயே "த்ராட்டிலிங் என்று கடைகளில் சொல்வது"ன்னு ஒரு ஒட்டு. பசங்க தேடவும் உதவும்.

ஜெயநகர் அக்கா எழுதியது:

சரி. நெரிப்பை வாபஸ் வாங்கறேன், மனசில்லாம.

ஆர்.டி. நகர் அண்ணன் எழுதியது:

ஒட்டு இருக்கறதால சரி. ஒட்டு இல்லன்னா இல்ல.

அல்சூர் ஐயா எழுதியது:

என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. பெரும்பான்மையால சொல் உண்டாகறதில்ல.

ஒயிட்ஃபீல்டு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போட்டுட்டேன். தம்பி சொன்ன வாட் விஷயம் முதல் பக்கத்துலயே கட்டம் கட்டி வந்திருக்கு, "ஸ்டிக்கரைப் பார்க்காதே, வாட்டைப் பார்"னு பசங்களே தலைப்பு வெச்சாங்க. மெய்ப்பு பாக்கறப்ப இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, மூணாம் பக்கத்துல "பாட்டில்நெக்"னு விட்டிருக்காங்க, பழைய ப்ராசஸரோட நல்ல கார்டு போட்டா கார்டு காத்துக் கிடக்குமே, அதுக்கு. இதுக்கு என்ன?

ஜெயநகர் அக்கா எழுதியது:

அது கழுத்து. குறுகின கழுத்து. அல்சூர் ஐயா, உங்க மிடறு இங்க அச்சா உக்காருது பாருங்க, மிடறடைப்பு!

அல்சூர் ஐயா எழுதியது:

ஆறுதல் பரிசெல்லாம் வேண்டாம் அம்மா. இதுக்கு மிடறு பொருந்தாது. மிடறு உயிருள்ளதோட தொண்டை, குப்பிக்கு இருக்கறது கழுத்து. குப்பிங்கற சொல்லே எங்கேருந்து வந்ததுன்னு பாத்தா

மட்டுறுத்துநர்:

ஐயா, தனித் திரியாத் தொடங்குங்க. இதை மூடறேன்.