தொழில்சார் சுகாதாரம்: அமெரிக்காவில் எம்பிஎச் (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) விண்ணப்பம்

கேள்வி: பிஎஸ்சி வேதியியல் முடித்து ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் வேலை. குரோமியம் உப்பு பட்டு ஆட்களின் விரலிடுக்கில் ஆறாத புண் வருவதைப் பார்த்துதான் இந்தப் படிப்பு மேல் ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: சோஃபாஸ் என்ற பொது சுகாதாரப் படிப்புகளுக்கான விண்ணப்பத் தளத்தில் ஒரே விண்ணப்பத்தைப் பல பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பலாம். மதிப்பெண்களை வெஸ் என்ற வெளிநாட்டுச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனம் மூலம் பாடவாரியாக மதிப்பிட வேண்டும், அதற்கான சான்றிதழ்களுக்கு நான் நாலு தடவை அலைந்தேன், இப்போதே கிளம்புங்கள். மூன்று வருட பிஎஸ்சியைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள்.

பதில்: நியோஷ் என்ற அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் தரும் பயிற்சி உதவித்தொகையை நம்பி இறங்காதீர்கள் தம்பி, அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். அப்புறம், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தில் எழுதும் நோக்கக் கட்டுரையை அந்தப் புண்ணிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணா. மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.